டொமைனில் சேராமல் சாம்பா: ஒரு பம்ப் ஆலையின் ஃபைல் சர்வர் அனுபவம்

கோவையில் பம்ப் செட் செய்யும் ஆலை ஒன்றில் 11 வருடமாகக் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இம்பெல்லர், கேஸிங், ஷாஃப்ட் என்று எங்கள் டிராயிங்குகள் எல்லாம் டெபியன் லினக்ஸ் போட்ட ஒரே ஃபைல் சர்வரில் இருக்கின்றன. அதில் ஓடுவது சாம்பா: லினக்ஸ் சர்வரிலுள்ள ஃபோல்டர்களை விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குப் பகிரும் மென்பொருள். டிசைன், பேட்டர்ன், குவாலிட்டி, ஸ்டோர்ஸ் என்று 37 பேர் தினமும் அதைத் திறக்கிறார்கள்.

எங்கள் ஆலை சென்னையிலுள்ள ஒரு குழுமத்தின் கீழ் போன பிறகு எல்லா மேசைக் கம்ப்யூட்டர்களும் அவர்களுடைய ஆக்டிவ் டைரக்டரி டொமைனுக்குள் சேர்க்கப்பட்டன. பயனாளர் பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு அது. ஃபைல் சர்வர் மட்டும் வெளியே நின்றது. லினக்ஸ் மெஷினை டொமைனில் சேர்ப்பதில்லை என்றது தலைமை அலுவலகம். எங்கள் பிளான்ட் மேனேஜரோ, "நம்ம டிராயிங் இருக்கிற பெட்டிய அவங்க கையில குடுத்துராதம்மா" என்றார். சேரக் கூடாது என்பதில் இரண்டு தரப்பும் ஒன்று. ஆனால் காலையில் கம்ப்யூட்டருக்குள் போகும் அதே பெயரும் பாஸ்வேர்டும் டிராயிங் ஃபோல்டருக்கும் செல்ல வேண்டும் என்பதிலும் இரண்டு தரப்பும் ஒன்று. அந்த முடிச்சை அவிழ்க்க 14 மாதம் சாம்பாவோடு இருந்தேன். அதன் விமர்சனம் இது.

முதலில் சாம்பாவைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மென்பொருள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கியது. விண்டோஸ் ஃபைல் ஷேரிங் நெறிமுறையான எஸ்எம்பியின் எஸ், எம், பி என்ற எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்த பெயர்தான் சாம்பா. இத்தனை வருடத்தில் எங்கள் சர்வரில் சாம்பாவால் ஒரு டிராயிங்கூடக் கெட்டதில்லை. 37 பேருக்கும் தனித்தனி அணுகல் உரிமம் வாங்க வேண்டிய செலவும் இல்லை. ஆகவே கேள்வி ஃபைல் சர்வராக அது எப்படி என்பது அல்ல. டொமைனுக்கு வெளியே நின்றபடி டொமைன் ஆட்களை அதனால் அடையாளம் காண முடியுமா என்பதுதான்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வது. சர்வரிலேயே 37 உள்ளூர்க் கணக்குகள். பெயர் டொமைனில் உள்ளது போலவே, பாஸ்வேர்டும் அதுவே. விண்டோஸ் ஒரு ஷேரைத் திறக்கும்போது, உள்ளே இருப்பவரின் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துத்தான் முதலில் முயன்று பார்க்கும். அவை பொருந்திவிட்டால் எதுவும் கேட்காமல் ஃபோல்டர் திறந்துவிடும். முதல் மாதம் மேனேஜர் என்னைப் பாராட்டினார்.

42 நாள் ஆனது. ஆக்டிவ் டைரக்டரியில் பாஸ்வேர்டுக்கு இயல்பாக வரும் ஆயுள் அதுதான். தலைமை அலுவலகம் அதை மாற்றாமல் அப்படியே வைத்திருந்தது. "அக்கா, காலைல பாஸ்வேர்டு மாத்தச் சொல்லுச்சுங்க, மாத்திட்டேன். இப்ப டிராயிங் ஃபோல்டர் தொறக்க மாட்டேங்குதுங்க" என்று டிசைன் பிரிவுத் தம்பி வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் இருவர். 37 பேர், ஆறு வாரம். வாரத்துக்கு ஆறு பேராவது என் மேசைக்கு வந்து, நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள, புதுப் பாஸ்வேர்டை இரண்டு முறை தட்டிவிட்டுப் போக வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். வேலையை விட்டுப் போன ஒருவரின் டொமைன் கணக்கைத் தலைமை அலுவலகம் அன்றே முடக்கிவிட்டது. எனக்குத் தகவல் வரவில்லை. மூன்று வாரம் கழித்துக் கணக்குப் பட்டியலைச் சரிபார்த்தபோது, அவருடைய உள்ளூர்க் கணக்கு எங்கள் சர்வரில் உயிரோடு இருந்ததைப் பார்த்தேன். அதை யாரும் பயன்படுத்தவில்லை என்று பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவரை வெளியே அனுப்பும் கதவு ஓரிடத்திலும் பூட்டு வேறோரிடத்திலும் இருந்தால் இப்படித்தான் நடக்கும். ஐந்தாறு பேர் உள்ள அலுவலகத்துக்கு இந்த வழி போதும். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து, ஆக்டிவ் டைரக்டரியிடம் எல்டாப் (டைரக்டரியிடம் கேள்வி கேட்கும் நெறிமுறை) வழியாகக் கேட்டால் என்ன என்று யோசித்தேன். நிறையப் பேர் இங்கேதான் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்டாப் சரிபார்ப்பு என்பது, பயனாளர் கொடுத்த பாஸ்வேர்டை அப்படியே டைரக்டரியிடம் கொண்டுபோய் "இது சரியா?" என்று கேட்பது. அதற்குப் பாஸ்வேர்டு முதலில் நம் கைக்கு வர வேண்டும். விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கில் அது வருவதே இல்லை. விண்டோஸின் பழைய சரிபார்ப்பு முறையான என்டிஎல்எம்மில் சர்வர் ஒரு புதிர் எண்ணை அனுப்பும். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள பாஸ்வேர்டை வைத்துக் கணக்கிட்ட விடையை மட்டும் திருப்பி அனுப்பும். வங்கிக் கிளையில் செக்கோடு ஒருவர் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசாளரிடம் கையெழுத்து இருக்கிறது. மாதிரிக் கையெழுத்து அட்டை தலைமைக் கிளையில் இருக்கிறது. காசாளர் போன் செய்து, "இந்தக் கையெழுத்து சரியா?" என்று கேட்கலாம். ஆனால் கேட்பவர் உண்மையிலேயே தங்கள் வங்கியின் காசாளர்தான் என்று தெரியாமல் தலைமைக் கிளை பதில் சொல்லாது. டொமைனில் சேர்வது என்பது சாரத்தில் இந்த அறிமுகம்தான். சர்வரின் பெயரில் டொமைனில் ஒரு கணக்கு, அதற்கு ஒரு பாஸ்வேர்டு, அதைக் கொண்டு டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரோடு ஒரு பாதுகாப்பான பேச்சு வழி.

இது புரியாமல் இணையத்தில் தேடினால் பழைய கட்டுரைகள் இழுத்துக்கொண்டே போகும். சாம்பா 3 காலத்தில் செக்யூரிட்டி என்ற அமைப்புக்கு சர்வர் என்று மதிப்புக் கொடுத்து, டொமைன் கன்ட்ரோலரின் பெயரையும் எழுதிவிட்டால், சேராமலே வேலை நடந்தது உண்மை. சாம்பா அப்போது செய்தது, கன்ட்ரோலரிடமிருந்து புதிரை வாங்கிப் பயனாளரிடம் நீட்டி, அவர் தந்த விடையைக் கன்ட்ரோலரிடம் திருப்பிக் கொடுப்பது. நடுவில் நின்று ஆள் மாறாட்டம் செய்பவன் செய்வதும் இதையேதான். 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்போடு அந்த வழியை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொரு வகை ஆலோசனை, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி, பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே அனுப்பச் செய்வது. அது எஸ்எம்பி 1 என்ற பழைய நெறிமுறையில் மட்டுமே நடக்கும். 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 சர்வர் இயல்பாக நிறுவப்படுவதே இல்லை. ஆலையின் அத்தனை பாஸ்வேர்டுகளும் ஒயரில் திறந்தபடி ஓடும் இந்த வழியைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

மிச்சமிருந்தது கெர்பரோஸ் என்ற டிக்கெட் முறை. எனக்கு அதிக நம்பிக்கை இருந்ததும் இதில்தான். கெர்பரோஸில் பயனாளரின் கம்ப்யூட்டரே கன்ட்ரோலரிடம் போய், "கோவை ஃபைல் சர்வருக்கு ஒரு டிக்கெட் கொடு" என்று வாங்கிவந்து நம்மிடம் காட்டும். அந்த டிக்கெட்டைத் திறக்க ஒரு சாவி இருந்தால் போதும். சர்வர் கன்ட்ரோலரோடு பேசவே தேவையில்லை. சாவி இருக்கும் கோப்புக்குக் கீடேப் என்று பெயர். தலைமை அலுவலக ஐடி சாரிடம் கெஞ்சி, ஒரு சேவைக் கணக்கு உருவாக்கி, எங்கள் சர்வரின் பெயரை அதோடு கட்டி, கேடிபாஸ் கட்டளையால் கீடேப்பை எடுத்து வாங்கினேன். 256 பிட் ஏஇஎஸ் டிக்கெட்டுக்கு அந்தக் கணக்கின் பண்புகளில் தனியாக ஒரு டிக் போட வேண்டும். அது விடுபட்டதால் ஒரு நாள் போனது.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் ஃபோல்டர் திறக்கவில்லை. என் சர்வரில் இருந்தது டெபியன் 12, சாம்பா 4.17. தனித்து நிற்கும் சர்வருக்கு எதிர்பாராமல் பேக் வந்திருக்கிறது என்ற பொருளில் பதிவேட்டில் ஒரு வரி. பேக் என்பது ஆக்டிவ் டைரக்டரி தன் டிக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் சீட்டு. ஆள் யார், எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்ற விவரம் அதில் இருக்கும். டொமைனில் சேராத சாம்பா இப்போது அந்தச் சீட்டோடு வரும் டிக்கெட்டை ஏற்பதில்லை. 2021 நவம்பரில் ஒரு பெரிய பாதுகாப்புத் திருத்தம் வந்தது. டொமைனில் உள்ள ஒருவர் பெயரை மட்டும் சாதகமாக்கிக்கொண்டு, லினக்ஸ் சர்வரில் ரூட், அதாவது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி, ஆகிவிடக்கூடிய ஓட்டையை அடைத்தது அது. டிக்கெட்டில் இருக்கும் பெயரை உள்ளூர்ப் பெயரோடு சும்மா பொருத்திப் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்று அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதையொட்டி வந்த கட்டுப்பாடுகளில் ஒன்றுதான் என்னைத் தடுத்தது. வருத்தமாக இருந்தாலும் குறை சொல்ல மனம் வரவில்லை.

சாம்பா ஏற்றிருந்தாலும் கீடேப் வழி எங்களுக்குப் பாதிதான் உதவியிருக்கும். ஸ்டோர்ஸ் அண்ணன்கள் மேசையில் வைத்திருக்கும் ஷார்ட்கட் எல்லாம் சர்வரின் ஐபி எண்ணில் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்துத் திறந்தால் விண்டோஸ் இயல்பாகக் கெர்பரோஸை விட்டுவிட்டு என்டிஎல்எம்முக்குப் போய்விடும். அங்கே மறுபடியும் மாதிரிக் கையெழுத்துப் பிரச்சினை.

பத்தாவது மாதத்தில் என் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். சேராமல் எப்படி என்பதை விட்டு, சேர்ந்தால் எதை இழப்போம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். விண்டோஸ் சர்வர் ஒன்றை டொமைனில் சேர்த்தால், டொமைன் நிர்வாகிகள் குழு அந்தச் சர்வரின் நிர்வாகிகள் குழுவுக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். தலைமை அலுவலகம் வகுக்கும் அமைப்பு விதிகளான குரூப் பாலிசியும் இறங்கும். எங்கள் மேனேஜரின் பயம் இதுதான், நியாயமான பயம். ஆனால் சாம்பா சேர்ந்தாலும் டொமைன் நிர்வாகிகள் அந்த லினக்ஸ் மெஷினின் நிர்வாகிகள் ஆகிவிடுவதில்லை. ரூட் என்னிடமே இருக்கும். குரூப் பாலிசியை ஏற்கும் அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். லினக்ஸின் லாகின் சரிபார்ப்பான பாமோடு டொமைன் கணக்குகளை இணைக்கும் விண்பைண்ட் பொதியை நிறுவாமல் விட்டால் டொமைன் ஆட்கள் யாரும் அந்த மெஷினுக்குள் லாகின் செய்யவும் முடியாது. அவர்களுக்கான ஷெல்லும் (லாகின் செய்தால் கட்டளை தட்டும் இடம்) இயல்பாகவே உள்ளே விடாத ஷெல்தான். டொமைன் நிர்வாகி நினைத்தால் ஒருவரின் பாஸ்வேர்டை மாற்றி அவர் பெயரில் ஷேருக்குள் வரலாம்; அது உண்மை. ஆனால் டொமைன் பாஸ்வேர்டை நம்பும் எந்த ஏற்பாட்டிலும், சேர்ந்தாலும் சேராவிட்டாலும், அந்த நம்பிக்கை அடங்கித்தான் இருக்கிறது. இதை மேனேஜரிடம் அரை மணி நேரம் விளக்கினேன். "அப்ப பூட்டு நம்மகிட்ட, ஆளை அடையாளம் சொல்றது மட்டும் அவங்க. சரிதானம்மா?" என்றார். மிகச் சரி.

தலைமை அலுவலகத்தின் பயம் வேறு. சேர்ப்பதற்காகத் தங்கள் நிர்வாகி பாஸ்வேர்டை யாரோ கோவையில் ஒரு லினக்ஸ் திரையில் தட்ட வேண்டியிருக்குமோ என்பது. அதற்கும் தேவை இல்லை. டைரக்டரியில் கம்ப்யூட்டர் கணக்கை முன்கூட்டியே உருவாக்கலாம். உருவாக்கும் அதே திரையில், இதை டொமைனில் சேர்க்கும் உரிமை யாருக்கு என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே என் சாதாரணக் கணக்கின் பெயரைப் போட்டால் போதும். ஐடி சார் போட்டார். நான் என் சொந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்து நெட் ஏடிஎஸ் ஜாயின் கட்டளையை ஓட்டினேன். அந்தக் கட்டளை முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்கு முந்தைய ஏற்பாடுகளுக்குத்தான் நேரம் எடுத்தது. சர்வரின் பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். என்னுடையது நீளம், சுருக்கினேன். பெயரை ஐபி எண்ணாக்கும் டிஎன்எஸ் கேள்விகள் டொமைன் கன்ட்ரோலருக்குப் போக வேண்டும். கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. ஒருமுறை மின்வெட்டுக்குப் பிறகு மதர்போர்டு பேட்டரி செத்து, சர்வரின் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது. காலையில் ஒருவருக்கும் ஃபோல்டர் திறக்கவில்லை. புது பேட்டரி போட்டு, கன்ட்ரோலரிடமே நேரம் கேட்கும்படி குரோனி என்ற கடிகார மென்பொருளை அமைத்தேன்.

டொமைன் ஆட்களுக்கு லினக்ஸில் பயனாளர் எண் கொடுக்கும் ஐடிமேப் அமைப்புக்கு ரிட் என்ற முறையை எடுத்தேன். டொமைனில் ஒருவரின் எண் 1105 என்றால், நான் கொடுத்த தொடக்கமான 10000-ஐக் கூட்டி லினக்ஸில் 11105 ஆகிறார். நாளை சர்வரைப் புதிதாக நிறுவினாலும் அதே கணக்கு, அதே எண். பழைய உள்ளூர்க் கணக்குகளின் பெயரிலிருந்த கோப்புகளை ஒவ்வோர் எண்ணாகத் தேடிப் புது எண்ணுக்கு மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. மாற்றுவதற்கு முன் முழு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. பாஸ்வேர்டு மாற்றியவர்கள் என் மேசைக்கு வருவதில்லை. ஐபி எண் ஷார்ட்கட்டும் திறக்கிறது, பெயரில் வைத்ததும் திறக்கிறது. சென்னை இணைப்பு ஒருநாள் இரண்டு மணி நேரம் அறுந்தபோது, ஏற்கெனவே ஷேரைத் திறந்திருந்தவர்கள் தடையில்லாமல் வேலை பார்த்தார்கள்; புதிதாக வந்தவர்கள்தான் காத்திருந்தார்கள். சர்வரும் டொமைனும் பகிரும் பாஸ்வேர்டை சாம்பா ஏழு நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்கிறது. ஆகவே மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டுபவர்கள் ஒரு வாரத்துக்கு முந்தைய ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பினால் உறவு முறிந்து மறுபடி சேர்க்க வேண்டிவரலாம். தினமும் காலை 7 மணிக்கு டபிள்யூபிஇன்ஃபோ கட்டளையால் அந்த உறவைச் சோதித்து, பிசகினால் எனக்கு மடல் வரும்படி வைத்திருக்கிறேன்.

என்ன முயன்றாலும் சேர அனுமதி கிடைக்காதவர்களுக்கு: பாஸ்வேர்டு சர்வரின் கைக்கே வந்து சேரும் சேவைகளைப் பாருங்கள். எஸ்எஃப்டிபி, அப்பாச்சி வெப் சர்வரில் வெப்டாவ் (வெப் வழியாகக் கோப்புப் பகிர்வு), நெக்ஸ்ட்கிளவுட் எல்லாம் அந்த வகை. அவை எல்டாப் வழியாகக் கேட்டுக்கொள்ளும், சேரவே வேண்டாம். 636 போர்ட்டில் சான்றிதழோடு மட்டும் பேச வையுங்கள். வெற்றுப் பாஸ்வேர்டை உங்கள் பக்கமே மறுத்துவிடுங்கள். அப்படி வரும் கோரிக்கையை எல்டாப் பெயரற்ற வருகையாக எண்ணி வெற்றி என்று பதில் சொல்லக்கூடும். எங்களுக்கு வெப்டாவ் ஒத்துவரவில்லை. ஒரு பம்ப் அசெம்பிளியைத் திறந்தால் அது கூடவே 40 பார்ட் கோப்புகளைத் தேடும். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. பிடிஎஃப், எக்செல் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது தாராளமாகப் போதும்.

சாம்பாவுக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். அரை மதிப்பெண் குறைப்பது, டொமைனில் சேராமல் கீடேப் மட்டும் வைத்து ஓட்ட விரும்புபவர்களுக்கு ஆக்டிவ் டைரக்டரியோடு பாதுகாப்பான ஒரு வழி இல்லை என்பதற்காக.

தலைமை அலுவலகத்துக்கு நான் எழுதிய மடலை அப்படியே தருகிறேன், தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம் (ஓயூ என்பது டைரக்டரிக்குள் ஓர் உட்பிரிவு): "வணக்கம் சார். கோவை ஃபைல் சர்வருக்காக ஒரு கம்ப்யூட்டர் கணக்கை மட்டும் தனி ஓயூவில் உருவாக்கித் தரவும். சேர்க்கும் உரிமையை என் பயனாளர் கணக்குக்குத் தரவும். நிர்வாகி உரிமையோ பாஸ்வேர்டோ எங்களுக்கு வேண்டாம். டொமைன் பயனாளர் யாரும் அந்த மெஷினில் லாகின் செய்ய முடியாதபடி அமைத்திருக்கிறேன். வேண்டாம் என்று எப்போது தோன்றினாலும் அந்தக் கணக்கை நீங்கள் முடக்கிவிடலாம். அத்தோடு இணைப்பு முடிந்துவிடும்." மூன்றாம் நாள் பதில் வந்தது.